காபி போட்ட நாளில் மட்டும் படுத்துக்கொண்ட சர்வீஸ்

பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பிரதிகளை மின்னூலாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. பாமினிப் பிரதியில் ஒரு பத்தியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் தமிழ் வராது; ரோமன் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். அதற்காகச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதி வைத்திருந்தேன். கிளிப்போர்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும், பாமினி வாடை அடித்தால் யூனிகோடாக மாற்றி வைத்துவிடும். அதை, லினக்ஸில் பின்னணி நிரல்களைத் தொடங்கி நிறுத்தி மேய்க்கும் சிஸ்டம்டியின் யூசர் சர்வீஸாகப் போட்டு, லாகின் ஆனதும் தானே தொடங்கும்படி செய்திருந்தேன். பெயர் ‘மாற்றி’. (அதையும் ரோமன் எழுத்தில்தான் வைக்க வேண்டியிருந்தது. யூனிட் பெயரில், அதாவது சர்வீஸ் கோப்பின் பெயரில், தமிழ் எழுத்தை சிஸ்டம்டி ஏற்காது.)

டெபியன் 12 லினக்ஸ், கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப், வேலண்ட் (திரையில் சன்னல்களைக் காட்டும் அமைப்பு) செஷன். பல மாதம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. அப்புறம் ஒரு நாள் காலையில் ஒட்டிய பத்தி குப்பையாகவே வந்து விழுந்தது. ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டார்ட் மாற்றி’ என்று கையால் அடித்தேன், ஓடியது. மறுநாள் தானாகவே ஓடியது. அதற்கு மறுநாள் மறுபடி படுத்துக்கொண்டது. கையால் தொடங்கினால் ஒருமுறைகூடத் தவறவில்லை. தானாகத் தொடங்கும்போது மட்டும் ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை.

இப்படி விட்டு விட்டு வரும் கோளாறைப் போல எரிச்சல் வேறில்லை. இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். வீட்டுக்காரி ஒரு நாள் சமையலறையிலிருந்தே சொன்னாள்: “நீங்க காபி போட வர்ற அன்னிக்குத்தான் அது மக்கர் பண்ணுது.” நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். கணினிக்கும் டிகாஷனுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்கு முன் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறோம்.

சர்வீஸ் கோப்பில் முதல் நாளிலிருந்தே ஒரு வரி இருந்தது. நிரல் தொடங்குவதற்கு முன் ‘ஸ்லீப் 15’, அதாவது பதினைந்து விநாடி சும்மா இரு என்று. ஏன் போட்டேன்? எழுதிய புதிதில் லாகின் ஆன உடனே நிரல் தொடங்கி, “வேலண்ட் சர்வரோடு இணைய முடியவில்லை” என்று சொல்லி விழுந்தது. டெஸ்க்டாப் முழுதாக எழுந்து வரட்டும் என்று பதினைந்து விநாடி கொடுத்தேன், ஓடியது, அதோடு மறந்துவிட்டேன். இப்போது அந்த வரியைப் பார்த்ததும் அசிங்கமாகப் பட்டது. அதை எடுத்துவிட்டு, ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’ என்று போட்டேன். விழுந்தால் திரும்ப எழட்டும், எப்படியும் ஒரு தடவை பிடித்துக்கொள்ளும் அல்லவா?

பிடிக்கவில்லை. முன்பு சில நாள்தான் விழுந்தது, இப்போது தினமும் விழுந்தது. ஒரு வகையில் இது முன்னேற்றம்தான். தினமும் தவறாமல் வரும் கோளாறைத் தேடிப் பிடித்துவிடலாம்.

திரும்ப எழச் சொல்லியும் ஏன் எழவில்லை என்பது ஸ்டேட்டஸில் கடைசி வரியாகவே இருந்தது: தொடங்கும் கோரிக்கை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப வந்ததால் நிறுத்திவிட்டேன் என்று. சிஸ்டம்டியின் இயல்பான கணக்கு இது. 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கலாம்; அதைத் தாண்டினால் கைவிட்டுவிடும். ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே அது விடும் இடைவெளி 100 மில்லி விநாடி மட்டும். தொடங்கியதும் விழும் நிரலுக்கு ஐந்து வாய்ப்பும் கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகும். ‘ரீஸ்டார்ட்செக்’ என்ற வரியில் 5 விநாடியோ 10 விநாடியோ கொடுத்திருந்தால் இந்த வரம்பில் மாட்டியே இருக்காது, எப்போதாவது ஒரு தடவை பிடித்தும் இருக்கும். அப்படிச் செய்திருந்தால் உண்மையான காரணம் எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. தவறிப்போய் நல்லது நடந்தது.

சரி, இனி ஊகம் வேண்டாம் என்று சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலைத் திறந்தேன். ‘ஜர்னல்சிடிஎல் --யூசர் -யூ மாற்றி -பி’. கடைசியில் உள்ள ‘-பி’ இந்த பூட்டில் நடந்ததை மட்டும் காட்டும். அதுவரை நான் செய்தியை மட்டும்தான் படித்திருந்தேன். இடது ஓரத்தில் இருக்கும் நேரத்தைப் படித்ததில்லை. அன்று படித்தேன். சர்வீஸ் விழுந்த நேரம் 6:42:03. நான் பாஸ்வேர்டு அடித்து உள்ளே வந்ததே 6:44-க்கு மேல்.

இரண்டு மூன்று முறை பார்த்தேன். லாகினில் தொடங்க வேண்டிய சர்வீஸ், லாகினுக்கு இரண்டு நிமிடம் முன்பே தொடங்கி, விழுந்து, கைவிடப்பட்டுக் கிடந்திருக்கிறது. நான் அப்போது அடுப்படியில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். பிஐடி 1 ஆக, அதாவது கணினி எழுந்ததும் முதல் நிரலாக, ஓடும் சிஸ்டம்டி கணினி முழுவதற்கும் பொதுவானது. அதைத் தவிர ஒவ்வொரு யூசருக்கும் தனியாக இன்னொரு சிஸ்டம்டி உண்டு. அதுதான் யூசர் மேனேஜர். ‘--யூசர்’ என்று போட்டு நாம் பேசுவது அதனோடுதான். நான் நினைத்திருந்தது, நான் லாகின் செய்யும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு மேனேஜர் பிறக்கிறது என்று. அப்படியில்லை. யூசருக்கு ஒன்றுதான், செஷனுக்கு ஒன்று அல்ல. அந்த யூசரின் முதல் செஷன் எதுவோ அதோடு பிறக்கும், கடைசி செஷன் முடிந்த பிறகு போகும். முதல் செஷன் டெஸ்க்டாப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வந்தாலும் மேனேஜர் பிறந்துவிடும். அப்போதே ‘டிஃபால்ட் டார்கெட்’டை (டார்கெட் என்பது பல சர்வீஸ்களைச் சேர்த்துத் தொடங்கும் ஒரு நிலை) எட்டிவிடும், அதில் தொங்கவிட்ட சர்வீஸ் எல்லாம் அப்போதே தொடங்கிவிடும். பின்னால் நீங்கள் திரை முன் வந்து உட்கார்ந்து லாகின் செய்யும்போது அந்த டார்கெட்டுக்குப் புதிதாகச் செய்ய ஒன்றும் இருக்காது.

ஆனால் நான் எஸ்எஸ்எச் எதுவும் செய்யவில்லையே? ‘லாகின்சிடிஎல் யூசர்-ஸ்டேட்டஸ்’ என்று அடித்தேன். வந்த விவரத்தில் ஒரு வரி: லிங்கர், யெஸ்.

நினைவுக்கு வந்தது. சில மாதம் முன்பு, பதிப்பாளரோடு கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள சின்க்திங் போட்டேன். நான் லாகின் செய்யாவிட்டாலும் கணினி எழுந்ததும் அது ஓட வேண்டும் என்பதற்காக ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ என்று ஒரு வரி அடித்தேன். லிங்கர் போட்டால் யூசர் மேனேஜர் லாகினுக்குக் காத்திருக்காது, பூட்டிலேயே பிறக்கும். லாக் அவுட் செய்தாலும் போகாது. சின்க்திங்குக்காகச் செய்தது மாற்றியின் தலையிலும் விடிந்தது. இரண்டும் ஒரே மேனேஜரின் பிள்ளைகள்தானே.

இப்போது காபிக் கணக்கு புரிந்தது. கணினி எழுந்ததும் ஸ்லீப் 15 ஓட ஆரம்பிக்கும். அவசரமாக உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்த நாளில், பதினைந்து விநாடி முடிவதற்குள் பிளாஸ்மா எழுந்துவிடும், நிரலும் பிடித்துக்கொள்ளும். பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போடப் போன நாளில், லாகின் திரை மட்டும் நிற்கும்போதே பதினைந்து விநாடி தீர்ந்துவிடும். வீட்டுக்காரி ஜர்னலைப் பார்க்காமலே சொன்னது இதைத்தான்.

உறுதி செய்துகொள்ள ஒரு வேலை செய்தேன், இதை இன்றுவரை எல்லாச் சர்வீஸுக்கும் செய்கிறேன். நிரல் தொடங்கும் வரிக்கு முன்னால், ‘எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ’ என்ற வரியில் ‘என்வ்’ கட்டளையை முழுப் பாதையோடு போட்டேன். அந்தக் கணத்தில் சர்வீஸின் கையில் என்னென்ன என்விரான்மென்ட் மாறிகள் (நிரலுக்கு அதன் சூழலைச் சொல்லும் பெயரும் மதிப்பும்) இருக்கின்றனவோ அத்தனையும் ஜர்னலில் வந்து கொட்டும். கொட்டியதில், எந்தத் திரை என்று சொல்லும் ‘வேலண்ட் டிஸ்ப்ளே’ இல்லை. நிரல்களை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் ‘பாத்’ குட்டையாக இருந்தது. ஹோமுக்குள் நான் நிரல்களைப் போட்டு வைத்திருக்கும் லோக்கல் பின் ஃபோல்டர் அதில் இல்லை. உள்ளே போய் டெர்மினலில் ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஷோ-என்விரான்மென்ட்’ அடித்தால் டிஸ்ப்ளே இருந்தது. பிளாஸ்மா எழுந்து வரும்போது தன்னிடம் உள்ள மாறிகளை மேனேஜரிடம் ஒப்படைக்கிறது. கையால் தொடங்கினால் ஒருமுறைகூடத் தவறாததற்கு இதுதான் காரணம். நான் கையால் தொடங்கும் நேரத்தில் மேனேஜருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

டெர்மினலில் ஓடும் பாஷ் ஷெல்லின் பாஷ்ஆர்சி கோப்பில் நாம் எழுதி வைப்பதை யூசர் மேனேஜர் படிப்பதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாக ஒரு மாறி வேண்டுமென்றால் ஹோமுக்குள் டாட் கான்ஃபிக், அதற்குள் ‘என்விரான்மென்ட் டாட் டி’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, கான்ஃப் என்று முடியும் கோப்பில் எழுத வேண்டும். பெயர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான். ‘எக்ஸ்போர்ட்’ போடக்கூடாது, உள்ளே கட்டளையும் ஓடாது.

லிங்கரை நிறுத்திவிடலாம், ஒரு வரி வேலை. ஆனால் சின்க்திங்குக்கு அது வேண்டும். மாற்றிக்குத் தேவை லாகின்கூட இல்லை, டெஸ்க்டாப். அதைச் சொல்லும் டார்கெட் தனியாகவே இருக்கிறது, ‘கிராஃபிக்கல்-செஷன் டார்கெட்’. பிளாஸ்மாவும் நோம் டெஸ்க்டாப்பும் எழுந்து வரும்போது அதை எட்டுகின்றன. எல்லா டெஸ்க்டாப்பும் எட்டும் என்று சொல்ல மாட்டேன், உங்களுடையதில் ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ் கிராஃபிக்கல்-செஷன் டாட் டார்கெட்’ அடித்து, ஆக்டிவ் என்று வருகிறதா என்று முதலில் பாருங்கள். கோப்பில் மூன்று வரி மாறியது. ‘ஆஃப்டர்’, ‘பார்ட்ஆஃப்’, ‘வான்ட்டட்பை’ மூன்றுக்கும் இந்த டார்கெட்டையே கொடுத்தேன். ஆஃப்டர் எதற்குப் பின் தொடங்குவது என்றும், வான்ட்டட்பை எது இதை இழுத்துத் தொடங்குவது என்றும் சொல்லும். பார்ட்ஆஃப் எதற்கென்றால், டெஸ்க்டாப் மூடும்போது சர்வீஸும் கூடவே நிற்க. இல்லையென்றால் லிங்கர் இருப்பதால் திரை இல்லாத வெறும் வெளியில் அது கத்திக்கொண்டே இருக்கும்.

மாறிய கோப்பை சிஸ்டம்டி மறுபடி படிக்க ‘டீமன்-ரீலோடு’ செய்தேன். மறுபடி பூட் செய்து, வேண்டுமென்றே காபி போடப் போனேன். வந்து பார்த்தால் விழுந்து கிடந்தது.

இந்தத் தடவைதான் உண்மையிலேயே கோபம் வந்தது. கோப்பைப் பத்து முறை படித்திருப்பேன். தப்பு கோப்பில் இல்லை. வான்ட்டட்பை வரியை சிஸ்டம்டி பூட்டின்போது பார்ப்பதே இல்லை. நாம் ‘எனேபிள்’ செய்யும் அந்த ஒரு கணத்தில் மட்டும் பார்த்து, அந்த டார்கெட்டின் பெயரோடு ‘வான்ட்ஸ்’ என்று முடியும் ஃபோல்டரில் ஒரு சிம்லிங்க் (கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டுவிட்டுப் போய்விடும். பிறகு வேலை செய்வது அந்த சிம்லிங்க்தான். டாட் கான்ஃபிக்குக்குள் சிஸ்டம்டி, அதற்குள் யூசர் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். டிஃபால்ட் டார்கெட்டின் வான்ட்ஸ் ஃபோல்டரில் மாற்றி பழையபடியே உட்கார்ந்திருந்தது. நான் கோப்பில் முகவரியை மாற்றினேன், பழைய வீட்டுச் சாவியை வாங்கவில்லை. ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஎனேபிள் மாற்றி’ என்று ஒரு வரி அடித்ததும் பழைய சிம்லிங்க் போய்ப் புதியது வந்தது. அன்றிலிருந்து காபி போட்டாலும் ஓடுகிறது.

“இவ்வளவு பாடு எதற்கு, டெஸ்க்டாப்பின் ஆட்டோஸ்டார்ட்டில் போட்டுவிட்டால் போச்சே” என்று கேட்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும், நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். எனக்கு நிரல் விழுந்தால் திரும்ப எழ வேண்டும், ஏன் விழுந்தது என்று ஜர்னலில் தனியாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் சர்வீஸ்.

இந்தக் கதையைச் சொந்தத்தில் ஒரு தம்பியிடம் சொல்லப்போய் அவன் கணினியும் என்னிடம் வந்து சேர்ந்தது. “அண்ணா, எனக்கும் அதேதான், லாகின் பண்ணா ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது” என்றான். அதே இல்லை. ஸ்டேட்டஸ் பார்த்தால் ‘ஃபெயில்டு’ என்று இல்லை, ‘இன்ஆக்டிவ், டெட்’ என்று இருந்தது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஃபெயில்டு என்றால் முயன்று தோற்றது, ஜர்னலில் காரணம் இருக்கும். இன்ஆக்டிவ் என்று சிவப்பே இல்லாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தால், ஒன்று நல்லபடியாக முடிந்துபோயிருக்கும், அல்லது யாரும் அதைக் கூப்பிடவே இல்லை. அவன் விஷயத்தில் யாரும் கூப்பிடவில்லை. எங்கிருந்தோ எடுத்த கோப்பில் வான்ட்டட்பை ‘மல்ட்டி-யூசர் டார்கெட்’ என்று இருந்தது. அது பிஐடி 1-இன் உலகத்தில் உள்ள டார்கெட், யூசர் மேனேஜரில் அப்படி ஒன்று கிடையாது. இல்லாத ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக நிற்பதுபோல சர்வீஸ் நின்றுகொண்டிருந்தது.

அதை டிஃபால்ட் டார்கெட் ஆக்கி ரீஎனேபிள் செய்ததும் தொடங்கியது, உடனே 216 என்ற எண்ணோடு விழுந்தது. அதே கோப்பில் ‘யூசர்=’ என்ற வரியும் இருந்தது. யூசர் மேனேஜர் ஏற்கெனவே அந்த யூசராகத்தான் ஓடுகிறது. யூசரை, குழுவை மாற்ற அதற்கு அதிகாரம் இல்லை. அந்த வரியை எடுத்தோம். அடுத்தது 203.

203 வந்தால் சிஸ்டம்டியால் அந்த நிரலை ஓட்டவே முடியவில்லை என்று பொருள்: பாதை தப்பு, அல்லது ஓட்டும் அனுமதி இல்லை, அல்லது முதல் வரியில் சொல்லியிருக்கும் பாஷோ பைத்தானோ அங்கே இல்லை. 127 வந்தால் வேறு கதை. பெரும்பாலும் ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது, அது கூப்பிட்ட ஏதோ ஒன்று பாத்தில் கிடைக்கவில்லை. தம்பியின் ஸ்கிரிப்ட்டில் பாதையும் சரி, அனுமதியும் சரி, பாஷ் இருப்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தும் “அப்படி ஒரு கோப்பு இல்லை” என்றது. அரை மணி நேரம் கழித்து, “இதை எதில் எழுதினாய்?” என்று கேட்டேன். விண்டோஸில். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. கெர்னல் தேடியது பாஷை அல்ல, வால் முளைத்த பாஷை. ‘டாஸ்2யூனிக்ஸ்’ ஓட்டியதும் தீர்ந்தது.

நடுவில் அவன் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் பழக்கத்தில் சூடோ (ரூட் என்ற நிர்வாகியாக ஓட்டச் சொல்லும் கட்டளை) போட்டுக்கொண்டிருந்தான். சூடோவோடு ‘--யூசர்’ போட்டால் அது ரூட்டின் மேனேஜரைத் தேடிப் போகும், உங்களுடையதை அல்ல. ரூட்டாக இருந்துகொண்டு ‘எஸ்யூ’ வழியாக யூசராக மாறினாலும் பஸ்ஸோடு (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) இணைய முடியவில்லை என்ற செய்திதான் வரும். ‘எக்ஸ்டிஜி ரன்டைம் டைர்’ என்ற மாறி அங்கே இருக்காது என்பதே காரணம். ரூட்டிலிருந்தே பேச வேண்டியிருந்தால் ‘--மெஷின்=’ என்று போட்டு, யூசர் பெயரும் பின்னால் ஒரு அட் குறியும் கொடுத்தால் சரியான மேனேஜரிடம் போய்ச் சேரும்.

அவன் ஸ்கிரிப்ட் கிளவுட் ஃபோல்டரை மவுன்ட் செய்வது. அதில் ‘ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்’ என்று எழுதி வைத்திருந்தான். அதுவும் பிஐடி 1-இன் சொத்து. யூசர் மேனேஜருக்கு அதைத் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் செய்யாது, பேசாமல் விட்டுவிடும். அவன் வைஃபை பாஸ்வேர்டு கேடிஇயின் வாலட்டில் இருந்ததால், நெட் வருவதே லாகினுக்குப் பிறகுதான். இங்கே நான் வெட்கப்படாமல் ரீஸ்டார்ட்தான் போட்டேன். ரீஸ்டார்ட்செக் 10, கூடவே ‘ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=0’. இந்தக் கடைசி வரி ‘சர்வீஸ்’ பகுதியில் அல்ல, மேலே ‘யூனிட்’ பகுதியில் இருக்க வேண்டும். நெட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே திரும்பத் திரும்ப முயல்வது அங்கே நியாயம். என் மாற்றிக்கு அது நியாயமாக இல்லை, டெஸ்க்டாப் எப்போது வருகிறது என்று கேட்டுச் சொல்ல ஆள் இருந்தது.

போன மாதம் சீரியல் போர்ட்டில் ஒரு கருவியை மாட்டினேன். அந்த போர்ட்டைத் தொட அனுமதியுள்ள ‘டயல்அவுட்’ குழுவில் என்னைச் சேர்த்தேன், லாக் அவுட் செய்து வந்தேன், சர்வீஸுக்கு மட்டும் அனுமதி இல்லை என்றே வந்தது. டெர்மினலில், என் குழுக்களைக் காட்டும் ‘ஐடி’ அடித்துப் பார்க்கப் போய், கை பாதியில் நின்றது. லிங்கர்! மேனேஜர் சாகவே இல்லை, குழுப் பட்டியல் காலையில் பூட் ஆனபோது இருந்ததுதான். லிங்கர் இல்லாதவர்களும் முழுதாகத் தப்ப முடியாது: கடைசி செஷன் முடிந்த பிறகும் 10 விநாடி மேனேஜரை லாகின்டி (சிஸ்டம்டியில் லாகின்களைக் கவனிக்கும் பகுதி) உயிரோடு வைத்திருக்கும், அதற்குள் அவசரமாகத் திரும்பி வந்தால் பழைய மேனேஜரே வந்து கதவைத் திறக்கும். நான் கணினியை ரீபூட் செய்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். வீட்டுக்காரி ஏற்கெனவே இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்திருந்தாள்.